75 மி.மீ. உருவத்தின் மேலங்கியில் பட்டுக்கரை: கையாலேயே வரைய என்ன வழி?

#1 · செந்தூல்சாயம் · கோலாலம்பூர்

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் 32 மி.மீ. உயரப் படைப் பொம்மை உருவங்களுக்குத்தான் சாயம் அடித்து வந்தேன். அடிநிறம், வாஷ் (பள்ளங்களில் தேங்கும் நீர்த்த சாயம்), ஓரத்தில் ஹைலைட் (வெளிச்சக் கோடு), அவ்வளவுதான். இப்போது 75 மி.மீ. ரெசின் உருவம் ஒன்று வாங்கியிருக்கிறேன். வாள் ஏந்திய பெண். தோளிலிருந்து தரை வரைக்கும் மேலங்கி இறங்குகிறது, நல்ல ஆழமான மடிப்புகளோடு. பெட்டிப் படத்தில் மேலங்கிக்கு வெறும் நீலம் அடித்திருக்கிறார்கள். எனக்கு அரக்கு நிறப் பட்டு வேண்டும். கீழே பச்சைக் கரை, கரையில் ஜரிகை மாங்காய், அதற்கு மேலே கோபுர வரிசை. அம்மாவின் கல்யாணப் பட்டுதான் மாதிரி.

மூன்று சந்தேகம். மேலங்கிக்கு நிழலும் வெளிச்சமும் போட்டு முடித்துவிட்டுக் கரை வரைய வேண்டுமா, இல்லை கரையைத் தட்டையாக வரைந்துவிட்டு அதன்மேல் நிழல் ஏற்ற வேண்டுமா? ஜரிகைக்குத் தங்க மெட்டாலிக் போடலாமா? என்னிடம் இருக்கும் ஆகச் சிறிய பிரஷ் 3/0. அதைவிடச் சிறியது வாங்க வேண்டுமா?

#2 · பட்டர்வொர்த்தூரிகை · பினாங்கு

தம்பி, நல்ல வேலையை எடுத்திருக்கிறீர்கள். பிரஷ் கிடக்கட்டும், முதலில் கணக்குப் பார்ப்போம்.

75 மி.மீ. உருவம் என்றால் ஏறக்குறைய 24-இல் 1 பங்கு. 1.8 மீட்டர் ஆள் அந்த அளவில் 75 மி.மீ. ஆகிறார். அம்மாவின் புடவைக் கரை 12 செ.மீ. அகலம் என்று வையுங்கள். மேலங்கியில் அது 5 மி.மீ. 6 செ.மீ. மாங்காய் 2.5 மி.மீ. ஆகும். 3 செ.மீ. உயரக் கோபுரம் 1.25 மி.மீ. இதுவரைக்கும் பிரஷ் போகும். மாங்காய்க்குள்ளே கொடியும் சிறு பூவும் இருக்கும், இல்லையா? நிஜத்தில் அவை 2, 3 மி.மீ. தான். உருவத்தில் 0.1 மி.மீ. பக்கம் வந்துவிடும். அவற்றைத் தொடாதீர்கள்.

எதை விடுவது, எதை வைப்பது என்று தெரிந்துகொள்ள நான் செய்வது இது. உருவத்தை 30 செ.மீ. தூரத்தில் பிடித்துப் பார்ப்பதும், நிஜ ஆளை 7 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதும் ஒன்று. அதனால் புடவையைக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு 7 மீட்டர் தள்ளிப் போய் நின்று பாருங்கள். அங்கிருந்து மாங்காயின் வளைந்த நுனி தெரியும், வயிற்றில் ஒரு கரும்புள்ளி தெரியும், கோபுர வரிசை ரம்பப் பல் மாதிரி தெரியும். அதை மட்டும் வரையுங்கள். புடவையை மடியில் வைத்துக்கொண்டு இழை இழையாகப் பார்த்து வரைந்தால் கரை முழுக்கக் கசகசவென்று ஆகிவிடும்.

அடுத்தது இடம் பிடிப்பது. ஃப்ரீஹேண்ட், அதாவது அச்சில்லாமல் கையாலேயே வரைவது, என்றாலே கை நடுங்கக் கூடாது என்றுதான் எல்லாரும் பேசுகிறார்கள். நான் பார்த்தவரைக்கும் நடுக்கத்தால் கெட்ட கரைகள் குறைவு. அளவு வைக்காமல் ஒரு முனையில் ஆரம்பித்து, மறுமுனைக்குப் போகும்போது மாங்காய்கள் நெருங்கிப் போய்க் கெட்டவைதான் அதிகம். மாஸ்கிங் டேப்பை 1 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். அதில் 3 மி.மீ.க்கு ஒரு கோடு பென்சிலால் போடுங்கள். டேப்பை மேலங்கியின் விளிம்போடு ஒட்டிக்கொண்டே போங்கள், மடிப்பு உள்ளே போனால் டேப்பும் உள்ளே போக வேண்டும், மேலே வந்தால் மேலே வர வேண்டும். பல்குத்தியால் அழுத்தி உட்கார வையுங்கள். பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே சாயத்தால் ஒரு புள்ளி வைத்துவிட்டு டேப்பை எடுத்துவிடலாம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இடைவெளியைத் துணியின்மேல் அளக்க வேண்டும், எதிரே இருந்து பார்த்து அளக்கக் கூடாது. துணி மடிந்தாலும் அதில் நெய்த மாங்காய்களுக்கு இடையிலான தூரம் மாறாது. முன்னால் இருந்து பார்த்தால் மடிப்பின் பக்கச் சுவரில் அவை ஒல்லியாகி, நெருங்கித் தெரிய வேண்டும். ஆழமான பள்ளத்தில் பாதி மறைந்தே போக வேண்டும். அரை மாங்காய் வரையத் தயங்காதீர்கள். பள்ளத்தில் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிற அந்த அரை மாங்காய்தான் இது துணி என்று கண்ணை நம்ப வைக்கிறது. எல்லா மாங்காயும் முழுசாக நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரி ஆகிவிடும்.

வரிசை பற்றி: நான் நிழல், வெளிச்சம் எல்லாம் முடித்து, ஒரு மெல்லிய சாட்டின் (லேசாக மினுங்கும்) வார்னிஷ் கொடுத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரைக்குப் போவேன். கோடு தப்பினால் ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடலாம், அடியில் இருப்பது கெடாது.

#3 · மாக்கோலம் · பிரிக்பீல்ட்ஸ்

அண்ணன் சொன்ன டேப்போடு என் பங்குக்குக் கொஞ்சம்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த வேலை. யாரும் வாசலில் நேரே கோட்டை இழுக்க மாட்டார்கள். புள்ளி வைத்து, வரிசை சரியா என்று பார்த்து, பிறகுதான் கோடு. மேலங்கியிலும் அதே மாதிரி வைக்கலாம். அடிநிறத்தில் துளி ஐவரி கலந்து, கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு வெளிறிய ஒரு நிறம் செய்துகொள்ளுங்கள். பிரஷ்ஷைச் செங்குத்தாகப் பிடித்து நுனியை மட்டும் தொட்டு எடுங்கள். மாங்காய்க்கு இரண்டு புள்ளி போதும்: வயிற்றுக்கு ஒன்று, நுனி முடியும் இடத்துக்கு ஒன்று. எல்லாப் புள்ளியும் வைத்துவிட்டு உருவத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கோணல் இருந்தால் புள்ளியிலேயே தெரிந்துவிடும். புள்ளியை மாற்றுவது சுலபம், மாங்காயை மாற்றுவது கஷ்டம்.

அப்புறம், ஒரு மாங்காயை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். முதலில் எல்லா வயிறும். பிறகு எல்லாவற்றுக்கும் இடது வளைவு. பிறகு உருவத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வலது வளைவு. தலைகீழாகப் பிடிப்பது ஏனென்றால், கைக்கு எப்போதும் ஒரு பக்கம் வளைப்பதுதான் இயல்பாக வரும். கையை முறுக்குவதைவிட உருவத்தைத் திருப்புவது நல்லது. ஒரே அசைவைத் தொடர்ந்து செய்யும்போது கை அதைப் பிடித்துக்கொள்ளும். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி வரும்.

கோடு மெல்லியதாக வரவில்லையே என்று கவலைப்படவே வேண்டாம். தடிமனாகவே போடுங்கள். பிறகு இரண்டு பக்கமும் அடிநிறத்தால் செதுக்கி மெலிதாக்குங்கள். பாதி வேலை செதுக்குவதுதான். அதனால் அரக்கின் நிழல், நடு, வெளிச்சம் மூன்றும், பச்சையின் மூன்றும் கலந்து சிறு குப்பிகளில் நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் தீர்ந்துவிட்டால் அதே நிறத்தைத் திரும்பக் கலப்பது பெரும் பாடு.

#4 · மைக்ரோசோல்காரன் · கோலாலம்பூர்

எல்லாரும் இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறீர்கள். டீக்கால் தாளில் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத் தாள்) அச்சடித்து ஒட்டினால் எல்லா மாங்காயும் அச்சாக ஒரே மாதிரி வரும். மைக்ரோ செட் திரவம் தடவி உட்கார வைத்து, மேலே மைக்ரோ சோல் திரவம் தடவினால் படலம் இளகி மடிப்புக்குள் இறங்கிவிடும். விமானம், டாங்கி எல்லாவற்றுக்கும் இப்படித்தான் செய்கிறோம். பார்ப்பவருக்குக் கடைசியில் தெரிவது முடிவுதானே?

#5 · மாக்கோலம் · பிரிக்பீல்ட்ஸ்

தம்பி, விமான இறக்கையில் உங்கள் டீக்காலை நானும் பாராட்டுவேன். இங்கே இரண்டு இடைஞ்சல். வீட்டு இங்க்ஜெட்டில் வெள்ளை மை கிடையாது. தெளிந்த படலத்தில் மஞ்சளை அச்சடித்துப் பச்சைமேல் ஒட்டினால் மஞ்சள் காணாமல் போய்விடும். வெள்ளைப் படலத்தில் அச்சடித்தால் ஒவ்வொரு மாங்காயையும் சுற்றி வெட்ட வேண்டும், அப்போதும் ஓரத்தில் வெள்ளை எட்டிப் பார்க்கும். அடுத்தது, மைக்ரோ சோல் கொஞ்சம் வளைந்த பரப்பில் அருமையாக வேலை செய்யும். இது இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கிற மடிப்பு. படலம் அதில் சுருங்கும், இல்லையென்றால் கிழியும்.

அச்சில் எல்லா மாங்காய்க்கும் ஒரே வெளிச்சம் வேறு. பள்ளத்தில் இருப்பது இருட்ட வேண்டாமா? அதற்கு மறுபடியும் பிரஷ்தான் எடுக்க வேண்டும்.

#6 · மைக்ரோசோல்காரன் · கோலாலம்பூர்

வெள்ளை மை விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். தட்டையான கொடி, கேடயம், தோள்தகடு என்றால் என் கட்சி டீக்கால்தான்.

#7 · கோபுரவேலை · ஜார்ஜ் டவுன்

வணக்கம் பிள்ளைகளா. கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களுக்குச் சாயம் அடிக்கிற வேலையில் இருந்தவன் நான். இப்போது ஓய்வில் சின்ன உருவங்களுக்கு அடிக்கிறேன். தம்பி கேட்டதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் கோபுரத்துத் தெய்வங்களுக்கும் நாங்கள் புடவைக் கரை வரைகிறோம்.

கோபுரத்தின்மேல் நிற்கிற அம்மன் நிஜத்தில் பெரியவள். ஆனால் கீழே நின்று கும்பிடுகிறவர் கண்ணுக்குக் கட்டைவிரல் அளவுதான். அதனால் அங்கே நுணுக்கம் எடுபடாது. பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்ட வேண்டும். கரை வரைந்து முடித்ததும், உடலும் கரையும் சேரும் இடத்தில் அடர்ந்த கோடு ஒன்று இழுப்போம். அந்தக் கோடு இல்லாவிட்டால் கீழே இருந்து பார்க்கும்போது இரண்டு நிறமும் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும்.

உங்கள் உருவத்துக்கும் அது பொருந்தும். அரக்கும் பச்சையும் சேரும் இடத்தில் முடி அளவுக்குக் கரும்பழுப்பு இழுங்கள். சுத்தக் கறுப்பு வேண்டாம், இவ்வளவு சின்ன உருவத்தில் அது கார்ட்டூன் மாதிரி ஆக்கிவிடும். காஞ்சிப் பட்டில் கோர்வை என்று உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து சேர்ப்பார்கள். அந்தச் சேருமிடம் வெட்டின மாதிரி இருக்கும். அதில் கோபுரம் வைப்பதும் அந்தச் சேர்க்கை அழகாக இருப்பதற்குத்தான். அதனால் கோபுரத்தைப் பச்சையிலேயே வரையுங்கள், அரக்குக்குள் ஏறுகிற மாதிரி. ஜரிகையில் வரைய வேண்டாம். மஞ்சள் எல்லா இடத்திலும் வந்துவிட்டால் கண் எங்கே நிற்பது?

முக்கோணம் வரைய ஒரு வழி. பச்சையை நேர்க்கோடாக உயர்த்தி அடித்துவிட்டு, அரக்கால் மேலிருந்து தலைகீழ் முக்கோணமாக வெட்டி வெட்டி இறங்குங்கள். கூர்மை தானாக வரும்.

#8 · செந்தூல்சாயம் · கோலாலம்பூர்

ஐயா, நீங்கள் இங்கே எழுதியது பெரிய சந்தோஷம். கோபுரத்தைப் பச்சையில் வைக்கிறேன். அம்மாவின் புடவையைப் போய்ப் பார்த்தேன், அதிலும் அப்படித்தான் இருக்கிறது! இவ்வளவு காலம் பார்த்தும் கவனித்ததே இல்லை.

#9 · ஈரப்பலகை · செத்தாப்பாக்

நிழலா கரையா எது முதலில் என்பதில் பட்டர்வொர்த் அண்ணனோடு எனக்கு உடன்பாடு இல்லை. மன்னிக்கணும் அண்ணே.

முதலில் எல்லாவற்றையும் தட்டையாக, நடு நிறத்தில் வரைந்து முடித்துவிட வேண்டும். பிறகு கிளேஸ் மீடியம் (சாயத்தை ஊடுருவித் தெரிய வைக்கும் திரவம்) கலந்து, அடர் ஊதாவும் பழுப்பும் சேர்ந்த ஒரு நீர்த்த சாயத்தைப் பள்ளங்களில் அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். அரக்கு, பச்சை, ஜரிகை மூன்றுமே ஒரே நிழலுக்குள் போகும். நிஜத்திலும் நிழல் நிறம் பார்த்தா விழுகிறது? மூன்று நிறத்துக்கும் மூன்று மூன்று படி தனித்தனியாகக் கலந்துகொண்டிருந்தால் ஒன்றின் நிழல் இன்னொன்றோடு ஒட்டவே ஒட்டாது. பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றிய துணி) சாரோங் வரையும்போது நான் வேறு எப்படியும் செய்வதில்லை. பூவும் இலையும் துணி முழுக்க நிறைந்திருக்கும், அதில் ஒவ்வொரு இதழுக்கும் நிழல் கலந்தால் விடிந்துவிடும்.

#10 · பட்டர்வொர்த்தூரிகை · பினாங்கு

மன்னிப்பெல்லாம் எதற்கு, நல்ல விவாதம் இது.

பாத்தேக்குக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது துணிக்குள் ஏறின சாயம். வெளிச்சம் பட்டால் பூவும் துணியும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். நிழலை ஒரே கிளேஸில் முடிக்கலாம்.

ஜரிகை அப்படி இல்லை. அது உலோகம் சுற்றின இழை. பட்டு மென்மையாக மினுங்கும், ஜரிகை பளிச்சென்று அடித்துவிட்டுச் சட்டென்று இருண்டுவிடும். மடிப்பின் உச்சியில் ஏறக்குறைய வெள்ளை, அதற்கு ஒரு மி.மீ. கீழே மஞ்சள் காவி, அடுத்த மி.மீ.இல் பழுப்பு. இந்தத் தாவல்தான் ஜரிகை. மேலே கிளேஸ் ஓட்டினால் தாவல் மழுங்கி, மஞ்சள் நூலில் தைத்த பூவாகத் தெரியும். அதனால்தான் பட்டுக்கரைக்கு ஒவ்வொரு மாங்காயையும் அது நிற்கிற இடத்து வெளிச்சத்துக்குத் தகுந்தபடி வரையச் சொல்கிறேன். கேட்க மலைப்பாக இருக்கும். உண்மையில் எல்லா மாங்காயையும் முதலில் காவியில் வரைந்துவிட்டு, உச்சியில் இருப்பவற்றுக்கு மட்டும் ஐவரி, பள்ளத்தில் இருப்பவற்றின்மேல் பழுப்பு என்று போய்விடலாம்.

இதிலேயே மெட்டாலிக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. தங்கச் சாயத்தில் இருப்பது மைக்கா, உலோகம் மாதிரியான பொடித் துகள்கள். 0.2 மி.மீ. கோட்டில் அந்தத் துகள் கோட்டின் ஓரத்தைப் பொரபொரப்பாக்கும். அதைவிட, பள்ளத்தில் நீங்கள் இருட்ட நினைக்கிற மாங்காயும் விளக்கு பட்டதும் மின்னித் தொலைக்கும். வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டும், மேசை விளக்கு தீர்மானிக்கக் கூடாது. என் ஜரிகை: அடியில் பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), மேலே மஞ்சள் காவி, பிறகு காவியில் ஐவரி, உச்சியில் ஐவரி மட்டும் ஒரு புள்ளி.

#11 · ஈரப்பலகை · செத்தாப்பாக்

ஜரிகைக்கு நீங்கள் சொன்ன காரணம் பிடிபடுகிறது. ஆனால் அரக்கு உடலுக்கும் பச்சைக்கும் நான் என் வழியில்தான் போவேன். இரண்டையும் தட்டையாக அடித்து, ஒரே கிளேஸில் நிழல் ஏற்றி, அதற்குப் பிறகு உங்கள் ஜரிகை. தம்பிக்கு இது நேரம் மிச்சம்.

#12 · பட்டர்வொர்த்தூரிகை · பினாங்கு

அப்படிச் செய்தால் நன்றாகவே வரும். கோபுர வரிசையும் கிளேஸுக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

#13 · மயில்கண் · பாயான் லெப்பாஸ்

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் இந்த வேலைக்குப் புதுசு. 2.5 மி.மீ. மாங்காய் எல்லாம் எனக்கு இப்போதைக்கு வராது. 32 மி.மீ. உருவத்தின் பாவாடையில் ஏதாவது ஒன்று வரையலாம் என்று பார்க்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

#14 · மாக்கோலம் · பிரிக்பீல்ட்ஸ்

முக்கோணத்தில் ஆரம்பிங்க. நம் கோபுரக் கரையை எடுத்தாலும் சரி, ஜரிகை நெய்த மலாய் சொங்கெட்டிலும் சாரோங்கிலும் வருகிற புச்சோக் ரெபோங்கை (மூங்கில் குருத்து) எடுத்தாலும் சரி, இரண்டும் முக்கோண வரிசைதான். பினாங்கில் கண்ணைத் திறந்தால் இரண்டும் கிடைக்கும். லெபோ பாசார் துணிக்கடைகளில் ஒன்று, பாத்தேக் கடைகளில் இன்னொன்று. கோபுரவேலை ஐயா சொன்னபடி வெட்டி வெட்டிச் செய்யுங்கள்.

அதற்கு அடுத்தபடி கட்டம். பிறகு வைர ஊசி மாதிரி நெருக்கமான மெல்லிய கோடுகள். அதற்குப் பிறகு ருத்ராட்சம், மயில்கண் மாதிரி வட்டத்துக்குள் புள்ளி. வளைவை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். 32 மி.மீ.இல் 12 செ.மீ. கரை 2 மி.மீ. சொச்சம்தான் வரும், அதனால் ஏதாவது ஒரு வரிசை போதும். உங்கள் பெயரையே வரையலாம் தங்கச்சி. கரும்பச்சை வட்டம், நடுவில் வெளிர்மஞ்சள் புள்ளி, 2 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

(தங்கச்சி என்று நானாக எழுதிவிட்டேன், தம்பியாக இருந்தால் சொல்லுங்கள்.)

#15 · மயில்கண் · பாயான் லெப்பாஸ்

தங்கச்சிதான் அக்கா. நன்றி.

#16 · செந்தூல்சாயம் · கோலாலம்பூர்

அரக்கும் பச்சையும் முடிந்தன. கோபுரம் வெட்டிவிட்டேன், அழகாக வந்திருக்கிறது. டேப் வைத்துப் புள்ளியும் வைத்தாயிற்று. மாங்காய்க்கு வந்ததும்தான் சிக்கல். 3/0 பிரஷ்ஷில் சாயத்தை எடுத்து உருவத்துக்குக் கொண்டுபோவதற்குள் நுனி காய்ந்துவிடுகிறது. தொட்டால் ஒன்றும் விழுவதில்லை. இன்னும் தண்ணீர் சேர்த்தால் கோடு போட்டதும் பரவி, ஓரத்தில் வளையம் கட்டுகிறது. மஞ்சள் காவி பச்சைமேல் நிற்கவும் மாட்டேன் என்கிறது. அறையில் ஏர்கான் போட்டுத்தான் உட்காருகிறேன், இல்லாவிட்டால் வியர்வை சொட்டுகிறது.

#17 · பட்டர்வொர்த்தூரிகை · பினாங்கு

3/0-வை எடுத்து வைத்துவிட்டு 1-ஆம் எண் எடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது நுனி. எண் சொல்வது வயிற்றின் பருமனை. 3/0-வின் வயிற்றில் தங்குவது ஒரு துளிகூட இல்லை, அது காய்ந்துவிடாமல் என்ன செய்யும்? நல்ல கோலின்ஸ்கி என்ற விலங்கின் முடியில் செய்த 1-ஆம் எண் பிரஷ்ஷின் நுனி 3/0-வின் நுனிக்குக் குறையாது. வயிற்றில் இருக்கும் சாயம் நுனியை ஈரமாகவே வைத்திருக்கும். வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7, ராஃபேல் 8404, டாவின்சி மேஸ்ட்ரோ, எதுவானாலும் சரி. விலை கூடத்தான். ஆனால் கடையில் தண்ணீரில் நனைத்து நுனி கூடுகிறதா என்று பார்த்து வாங்கினால், சோப்புப் போட்டுக் கழுவிப் பத்திரமாக வைத்தால், வருடக்கணக்கில் உழைக்கும்.

ஏர்கானை நிறுத்த வேண்டியதில்லை. காற்று நேரே கை மேல் விழாமல் மேசையைத் திருப்பிப் போடுங்கள். விசிறியும் அப்படித்தான். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், அக்ரிலிக் மெதுவாகத்தான் காயும், ஃப்ரீஹேண்டுக்கு அது வரம். ஏர்கான் அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சாயத்தில் ஒரு துளி ரிட்டார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) சேர்க்கலாம். அளவு மீறினால் காயாமல் பிசுபிசுக்கும், ஜாக்கிரதை.

தண்ணீருக்கும் வருகிறேன். பரவுவது தண்ணீர் கூடியதால் மட்டும் இல்லை, பிரஷ்ஷில் சாயம் கூடியதாலும்தான். பேலட்டில் எடுத்ததும் நேரே உருவத்துக்குப் போகாதீர்கள். டிஷ்யூவில் பக்கவாட்டில் ஒருமுறை தொட்டு, நுனியைச் சுழற்றி, இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். நகத்தில் கோடு குமிழாமல், உடையாமல், ஒரே அகலத்தில் ஓடினால் அடுத்த நொடி உருவத்துக்குப் போகலாம். ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். உருவத்தின் பிடியையும் பிரஷ் பிடித்த கையையும் மணிக்கட்டில் ஒன்றோடொன்று முட்டுக் கொடுத்து, இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். அப்புறம் நடுங்கினாலும் இரண்டும் சேர்ந்துதான் நடுங்கும், கோடு கோணாது.

#18 · கோபுரவேலை · ஜார்ஜ் டவுன்

மஞ்சள் நிற்காததற்கு நான் சொல்கிறேன். பளிச்சென்ற மஞ்சள் எல்லாம் பெரும்பாலும் ஊடுருவித் தெரிகிற சாயம். பச்சைமேல் போட்டால் பச்சையாகவே போகும். மஞ்சள் காவி மண் நிறம், அது கொஞ்சம் மறைக்கும், ஆனாலும் நீர்த்துப் போட்டால் ஒரு பூச்சில் மறைக்காது. முதலில் மாங்காயை வெளிர் பழுப்பில் வரையுங்கள். காவியில் வெள்ளையும் துளிப் பழுப்பும் கலந்தால் அந்த நிறம் வரும். வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் நன்றாக மறைக்கும். அது காய்ந்ததும் அதே கோட்டின்மேல் காவி. கோபுரத்தில் நாங்களும் பொன்னிறத்துக்கு அடியில் வெளிறிய ஒன்று கொடுத்துவிட்டுத்தான் போவோம்.

#19 · ஈரப்பலகை · செத்தாப்பாக்

வெட் பேலட் வைத்திருக்கிறீர்களா? இல்லாவிட்டால் மூடிபோட்ட தட்டையான டப்பா, ஈரப் பஞ்சு, மேலே பேக்கிங் தாள், வேலை முடிந்தது. சாயம் மணிக்கணக்கில் காயாது. நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் பஞ்சு நாறி, பூஞ்சை கட்டும். ராத்திரி குளிர்பெட்டியில் வையுங்கள். வாரம் ஒருமுறை பஞ்சைக் கொதிநீரில் அலசுங்கள்.

#20 · செந்தூல்சாயம் · கோலாலம்பூர்

1-ஆம் எண் பிரஷ் வாங்கிவிட்டேன். மணிக்கட்டு முட்டுக் கொடுப்பதும் நகத்தில் இழுத்துப் பார்ப்பதும் நினைத்ததைவிடப் பெரிய வித்தியாசம். மாங்காய்கள் எல்லாம் உட்கார்ந்துவிட்டன. பின்பக்கப் பெரிய மடிப்பில் ஒன்று பாதி உள்ளே போய், எதிர்ச் சுவரில் வெறும் நுனி மட்டும் வெளியே வருகிறது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கரையில இன்னும் ஒரு கோடு இருக்கணுமே, ஆகக் கீழே" என்றார். இருக்கிறது, ஜரிகை ஓரம். அதையும் இழுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மேட் (மினுங்காத) வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கலாமா? இங்கே தினமும் சாயங்காலம் மழை.

#21 · பட்டர்வொர்த்தூரிகை · பினாங்கு

படம் பார்த்தேன். அந்த நுனி வெளியே வருகிற இடம் பிரமாதம், தம்பி.

மழை நேரத்தில் ஸ்ப்ரே வேண்டாம். காற்றில் ஈரம் கூடியிருந்தால் மேட் வார்னிஷ் வெளுத்துப் பனி படிந்த மாதிரி ஆகிவிடும். அரக்கு மாதிரி அடர்நிறத்தில் அது அப்பட்டமாகத் தெரியும். பிரஷ்ஷால் பூசுகிற அக்ரிலிக் வார்னிஷ் வாங்குங்கள். மேட் ஆக்குகிற பொடி அடியில் தங்கியிருக்கும், நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். கொஞ்சம் தண்ணீர் கலந்து, இரண்டு மெல்லிய பூச்சு, நடுவில் நன்றாகக் காய விடுங்கள். பள்ளங்களில் தேங்கினால் காய்வதற்குள் உலர்ந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள்.

உருவம் முழுக்க மேட் வேண்டாம். முகம், தோல் வார், பூட்ஸுக்கு மேட். மேலங்கிக்குச் சாட்டின். பட்டு இல்லையா?

#22 · மயில்கண் · பாயான் லெப்பாஸ்

பாவாடையில் முக்கோண வரிசை முடித்துவிட்டேன், படம் தனி இழையில் போடுகிறேன். அக்கா, அடுத்து கட்டமா, வைர ஊசியா?

#23 · மாக்கோலம் · பிரிக்பீல்ட்ஸ்

கட்டம். குறுக்குக் கோட்டை முதலில் முழுசாக முடித்துவிட்டு நெடுக்குக் கோட்டுக்குப் போங்க.